மாரியிலும் உறைபனியிலும் உழவு இயந்திரத்தை மூடிவைக்கும் முறை

இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயரமானதாகிய பட்டிப்பொல, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த சரிவுகளில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா முதலியவற்றைச் செய்கைபண்ணும் கமக்காரருட் சிலர் இரு சில்லு உழவு இயந்திரம் வைத்திருக்கின்றனர். அதனை நிறுத்துவதற்குக் கொட்டில் உடையோர் மிகக் குறைவு. லயத்தில் வாழ்வோருக்கு வாசலுக்கு வெளியேயுள்ள சிறு முற்றமே இயந்திரத்துக்கும் இடமாகிறது. கடன்பட்டு வாங்கிய பொருள், கடன் தீருமுன்னரே துருவுக்கு இரையாகுமாயின் அந்த நட்டத்தை ஈடுசெய்ய ஒரு போகத்து விளைச்சல் போதாது.

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி முதல் மாசி வரையுள்ள காலமே இயந்திரத்துக்கு மிகக் கெட்ட காலம். நிலம் ஊறி உழவுக்கு இடங்கொடாத நாட்கள் பல. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளிலோ பட்டிப்பொல, அம்பேவெல, ஹோட்டன் சமவெளிப் பகுதிகளில் உறைபனி படிகிறது. வலப்பனை, ஹங்குரன்கெத்தப் பகுதிகளின் நெற்செய்கையாளருக்கும் இது பொருந்தும். அங்கே உறைபனி இல்லையெனினும், பெரும்போக உழவு முடிந்தபின் சிறுபோகம் தொடங்கும்வரை இயந்திரம் மாரி மழையிலேயே வாளாவிருக்கிறது.

மூடினால் மட்டும் போதுமா?

இயந்திரத்தின்மேல் ஒரு பொலித்தீன் விரிப்பைப் போர்த்து, நாற்புறமும் இறுகக் கட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். இரண்டு மாதங்களின் பின் விரிப்பை அகற்றினால், மழையிற் கிடந்த மண்வெட்டியினும் மோசமாக இயந்திரம் துருவேறியிருக்கக் காணலாம். மழைநீர் ஒரு துளியும் உட்புகவில்லை. அவ்வாறாயின் நீர் எங்கிருந்து வந்தது?

அது கீழிருந்து வந்தது. ஈரமண் பகலிலும் இரவிலும் ஆவியை விட்டுக்கொண்டேயிருக்கும். தெளிந்த இரவில் விரிப்பானது தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சூழ உள்ள காற்றினும் குளிர்ந்துவிடுகிறது. மேலெழும் ஆவி அக்குளிர்ந்த பரப்பின் உட்புறத்தில் நீராகத் திரண்டு சொட்டுகிறது. விடியற்காலையில் தகரக் கூரையின் உட்புறம் வியர்த்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இறுகக் கட்டிய விரிப்பினுள் அந்நீர் வெளியேற வழியின்றி நாள்தோறும் இரும்பை நனைக்கிறது. எனவே மழையைத் தடுப்பது பாதி வேலையே. நிலத்து ஆவியைத் தடுத்து, உள்ளே காற்றை உலவவிடுவது மறுபாதி.

கரையோரத்து மீனவர் கடல் கொந்தளிக்கும் காலத்தில் வள்ளத்தைக் கரையேற்றிக் கட்டைகளின்மேல் வைத்து, மேலே கிடுகு போட்டு மூடுவர். கிடுகு மழையைத் தள்ளும், காற்றைத் தடுக்காது. அடிப்பலகையும் மணலைத் தொடாது. மரமாயினும் இரும்பாயினும் முறை ஒன்றே.

மூடுமுன் செய்யவேண்டியவை

சேற்றையும் எருவையும் முற்றாகக் கழுவுக. மரக்கறித் தோட்டத்தில் உழைத்த இயந்திரத்தில் கோழியெருவும் இரசாயன உரமும் ஒட்டியிருக்கும். அவற்றிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை விரைவுபடுத்தும். சுழற்கத்திகளின் அச்சில் சுற்றிய புல்லையும் நாரையும் வெட்டி அகற்றுக. வெயிலுள்ள ஒரு நாளில் உலரவிட்டு, கத்திகளிலும் வண்ணம் உரிந்த இடங்களிலும் எண்ணெய் அல்லது கிறீஸை மெல்லியதாகப் பூசுக. டயரிலும் வார்ப்பட்டியிலும் அது படலாகாது. பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுவது, கீழ்ப்பாத்திக்காரரின் பயிரில் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

என்ஜின் எண்ணெயை மூடுவதற்கு முன்னரே மாற்றுக, பின்னரன்று. உழைத்த எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும். அது உள்ளே மாதக்கணக்கில் நின்று உலோகத்தை அரிக்கும். டீசல் தாங்கியை விளிம்புவரை நிரப்புக. பாதி வெறுமையான தாங்கியில் உள்ள காற்றும் இரவில் வியர்க்கும். அந்நீர் அடியில் தங்கி எரிபொருட் பம்பியைக் கெடுக்கும். நீரால் குளிரூட்டப்படும் என்ஜினாயின் அந்நீரை வடித்துவிடுக. உறைந்து இரும்பைப் பிளக்குமளவு குளிர் இங்கு அரிதே. ஆயினும் தேங்கிய நீர் உள்ளே துருவை வளர்க்கும். மருந்து தெளிகருவியின் பம்பியிலும் குழாயிலும் நிற்கும் நீருக்கும் இதே விதி.

புகைக்குழாயின் வாயை ஒரு தகரப் பேணியால் கவிழ்த்து மூடுக. காற்று வடிகட்டியின் துவாரத்தைக் கம்பிவலையால் கட்டுக. எலி கூடுகட்ட விரும்பும் இடம் அதுவே. அடைத்த துவாரங்களை நினைவூட்ட, கைபிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைப்பது நன்று.

இடமும் பந்தலும்

நீர் வடிந்தோடும் மேட்டிடத்தைத் தெரிக. சரிவின் மேற்பக்கமாக அரையடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினால் ஓடிவரும் நீர் விலகிச் செல்லும். யூக்கலிப்டஸ் மரத்தடி பனிக்கு மறைவாகத் தோன்றினும், காற்றில் முறியும் கிளைகளை எண்ணி அதனைத் தவிர்க்கவேண்டும். பழைய உரப்பைகளைப் பிரித்து நிலத்தில் விரித்து, அவற்றின்மேல் பலகைகளைப் பரப்பி, சில்லுகளும் கத்திகளும் பலகையில் நிற்கச் செய்க. வைக்கோல் பரப்புவது தவறு. அது ஈரத்தைப் பிடித்துவைப்பதோடு எலியையும் அழைக்கும்.

மூங்கிலோ யூக்கலிப்டஸ் கம்போ கொண்டு கூரைவடிவிற் சட்டம் அமைக்கவேண்டும். முகட்டுக்கம்பு இயந்திரத்தின் மிக உயர்ந்த பாகத்துக்கு ஓரடி மேலே நிற்கட்டும். கூரை செங்குத்தாக இருத்தல் வேண்டும்; தட்டையான விரிப்பில் நீர் குளமாகத் தேங்கி, அதன் பாரத்தால் சட்டமே முறியும். விரிப்பு எவ்விடத்திலும் இயந்திரத்தைத் தொடலாகாது. பக்கங்களில் நிலத்துக்கு ஓரடி மேலேயே நிற்க, இரு முகப்புகளின் மேற்பகுதியும் திறந்திருக்கவேண்டும். மழை சாய்ந்தடிக்கும் முகப்பில் மட்டும் ஒரு மறைப்பைச் சற்று விலக்கித் தொங்கவிடலாம்.

விரிப்பில் எது சிறந்தது? கித்தான் படங்கு ஆவியைச் சிறிது வெளிவிடும். ஆனால் இங்குள்ள ஓயாத ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். பொலித்தீன் விரிப்பு இற்றுப்போகாது. மலைவெயிலில் நாளடைவில் வெடித்து நொறுங்கும். சட்டமிட்டு மூடும்போது ஆவி வெளியேற வழியிருப்பதால் விலை குறைந்த பொலித்தீனே போதுமானது. கம்பின் முனைகள் அதனைக் கிழிக்காதவாறு சாக்குத்துண்டு சுற்றுக. ஓரங்களைக் கற்களால் தொங்கவிடுவது வழக்கம். காற்றில் ஆடும் கல், இயந்திரத்தையும் அருகில் விளையாடும் பிள்ளையையும் தாக்கும். முளையடித்துக் கட்டுவதே தக்கது. கயிற்றின் நடுவே பழைய டியூப் துண்டொன்றைச் சேர்த்தால் காற்றின் இழுப்புக்கு இடங்கொடுக்கும்.

மூடியபின்

வாரம் ஒருமுறை என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவோர் நன்மை செய்வதாக எண்ணுகின்றனர். அரைகுறையாகச் சூடேறிய என்ஜினுள் எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி வெளியேறாது தங்கிவிடும். ஓட்டுவதாயின் அடைப்புகளை நீக்கி, அரைமணி நேரமேனும் ஓட்டி நன்கு சூடேற்றவேண்டும். இல்லையேல் எரிபொருளை அடைத்துவிட்டு, கைப்பிடியால் சில சுற்றுச் சுற்றினாற் போதும். கடைசியில், சுற்றுவதற்குக் கை இறுகும் நிலையிலே, அதாவது உருளையில் காற்று அழுத்தப்படும் நிலையிலே நிறுத்துக. அப்பொழுது வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும்.

வெயில் எறிக்கும் நாட்களில் நண்பகலில் விரிப்பின் ஒரு பக்கத்தை இரண்டு மணி நேரம் தூக்கிக் கட்டுக. உட்புறம் நனைந்திருப்பின் முகப்பை இன்னும் அகலத் திறக்கவேண்டும்.

உழவு தொடங்கும் நாளில் முதலாவதாகச் சிவப்புத் துணியைப் பார்த்து அடைப்புகளை எடுத்துவிட்டு, நீர், எண்ணெய், டயர்க்காற்று ஆகியவற்றைச் சரிபார்த்து, சுமையின்றிக் கால்மணி நேரம் ஓடவிட்டபின் நிலத்தில் இறக்குக.