மரக்கறியுணவும் நெடுந்தூர ஓட்டமும்

"மாமிசம் புசியாதார்க்குத் தேகபலம் உண்டாமோ?" என்னும் ஆசங்கை, நம் சைவ பாடசாலைகளிலே விளையாட்டுப் போட்டிக் காலந்தோறும் எழுகின்றது. சைவாசாரமுள்ள இல்லத்துப் பிள்ளைகளும் சகபாடிகளின் பரிகாசத்துக்கு நாணி இங்ஙனம் வினாவுகின்றனர். இதற்கு விடையறியாது வாளாவிருத்தல் உபாத்தியாயருக்குக் குற்றம். உண்மைக்கு மேற்பட்டுப் புகழ்ந்துரைத்தலும் குற்றமே. ஆதலின் இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருட்டாந்தம்

அமெரிக்க தேசத்து மினசோட்டா மாகாணத்திலே 1973 இற் பிறந்த ஸ்கொட் ஜூரெக் என்பவர், வேட்டையும் மீன்பிடியும் வழக்கமாயுள்ள குடும்பத்தில் மாமிசமுண்டு வளர்ந்தவர். பின்னர் உடனலங் கருதிப் புலாலை விட்டார். 1999 ஆம் ஆண்டளவிற் பால், முட்டை முதலியவற்றையும் முற்றாக நீக்கினார். கலிபோர்னியாவில் மலைவழியே 100 மைல் ஓடும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் போட்டியில், 1999 முதல் 2005 வரை ஏழாண்டு தொடர்ந்து முதல்வராயினார். கிரேக்க தேசத்திலே அதென்ஸ் நகரிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு 246 கிலோமீற்றர் ஓடும் போட்டியில் 2006, 2007, 2008 ஆகிய மூன்றாண்டும் வென்றார். 2015 இல், ஜோர்ஜியா முதல் மெயின் வரை 14 மாகாணங்களூடாகச் செல்லும் ஏறக்குறைய 2,189 மைல் நீளமான அப்பலாச்சியன் மலைப்பாதையை 46 நாள் 8 மணி 7 நிமிடத்திற் கடந்து, அதுவரையிருந்த எல்லையை மேற்கொண்டார்.

காரணம்

60 கிலோ நிறையுடைய ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓடுதற்கு ஏறக்குறைய 60 கலோரி செலவாகும். எனவே 100 மைலுக்கு 9,600 கலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்ட மாச்சத்தோ ஏறத்தாழ 2,000 கலோரியளவினதே. எஞ்சியது உடற்கொழுப்பினின்றும், ஓடும்போதே உட்கொள்ளும் ஆகாரத்தினின்றும் வரல் வேண்டும். மாச்சத்தைத் தருவன அரிசி, கிழங்கு, வாழைப்பழம் முதலியனவேயன்றி மாமிசமன்று. தசையின் தேய்வை நிரப்பும் புரதத்தைப் பயறு, உளுந்து, கடலை, சோயா என்பன தரும். தானியத்திற் குறைந்த லைசின் பருப்பில் மிக்குளது. பருப்பிற் குறைந்த மெதியோனின் தானியத்திலுளது. சோறும் பருப்பும் சேர்த்துண்ணும் நம் முன்னோர் வழக்கம் இதனாற் பொருத்தமுடைத்தாதல் காண்க.

ஒரு குறையையும் மறைத்தலாகாது. விற்றமின் பி 12 நுண்ணுயிர்களால் ஆக்கப்படுவது; தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. பாலருந்துவோர் அதனைப் பாலாற் பெறுவர். பாலையும் நீக்கினோர் அதனைத் தனியே உட்கொள்ளல் வேண்டும்.

தெளிவு

2016 இல் கார்ல் மெல்ட்சர் என்பவர் அதே மலைப்பாதையை 45 நாள் 22 மணி 38 நிமிடத்திற் கடந்து ஜூரெக்கை விஞ்சினார். அவர் புலால் விலக்கியவரல்லர். அவ்வோட்டத்தில் அவருக்கு உடனோடி உதவினவருள் ஜூரெக்கும் ஒருவர். "மரக்கறியே வெற்றி தரும்" என்று நாம் கற்பித்திருப்போமாயின், அன்றே நமது போதனை பொய்த்துப்போம். நாம் நிறுவத்தக்கது, மரக்கறியுணவு பலத்துக்குத் தடையன்று என்பதொன்றே.

திருவள்ளுவர் புலான்மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலிலே வைத்தார். நாவலரவர்களும் நான்காம் பாலபாடத்திற் கொலை, புலாலுண்ணல் என்பவற்றை விலக்கத்தக்க பாவங்களாகவே போதித்தார்கள். இவ்வறத்துக்கு வேர் உயிர்களிடத்துள்ள இரக்கம். ஓட்டத்திற் பெறும் பரிசன்று. முந்தி வந்த பிள்ளைக்கும் பிந்தி வந்த பிள்ளைக்கும் அது ஒருபடித்தாகவே அறமாம். நாணி நிற்கும் பிள்ளைக்கு முதலில் அச்சத்தை நீக்கி, பின் இரக்கத்தை உணர்த்துதல் உபாத்தியாயர் கடன்.

தேர்வு வினாக்கள்

1. நெடுந்தூரம் ஓடுவார்க்கு மாச்சத்து வேண்டுவதென்னை?
2. சோற்றோடு பருப்புச் சேர்த்தலாற் பயன் யாது?
3. ஜூரெக்கின் வெற்றி எதனை நிறுவும்? எதனை நிறுவாது?
4. புலால் மறுத்தற்கு உண்மைக் காரணம் யாது?