தோலில் ஒட்டிய மின்வாய் என்ன சொல்லும்?



சென்ற கோடையில் பெரம்பலூரில் ஒரு திருமண மண்டபத்தில் இலவச உடல் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. வாசலில் நீண்ட வரிசை. உள்ளே மேசைமேல் ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து கம்பி வழியே ஒரு பித்தளைக் கைப்பிடி. அதை ஒரு நிமிடம் பிடித்தால் போதும். ஈரல், சிறுநீரகம், கணையம், இதயம் என்று எல்லா உறுப்புகளின் நிலையும் காகிதத்தில் அச்சாகி வரும் என்றார்கள்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 'இதயம் நலம்' என்று அச்சாகி வந்தது. அவரோ சில வாரங்களாகவே மாடிப்படி ஏறினால் நெஞ்சை இறுக்குகிறது என்று சொல்லி வந்தவர். "மெஷினே சொல்லிடுச்சே சார், இனிமே ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு நான் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன்.

கைப்பிடி அளப்பது எதை?

இத்தகைய பெட்டி, உடலுக்குள் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, தோலின் மின்தடையை அளக்கிறது. ஓம் விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இதில் புதுமை ஒன்றும் இல்லை.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். அதன் இரு முனைகளையும் இரு கை விரல்களால் மெதுவாகத் தொடுங்கள். முள் லட்சக்கணக்கான ஓம் காட்டும். இப்போது இறுக்கிப் பிடியுங்கள், தடை குறையும். விரல்களை உப்பு நீரில் நனைத்துவிட்டுப் பிடியுங்கள். இன்னும் பல மடங்கு குறையும். (மல்டிமீட்டரின் சிறு பேட்டரியைக் கொண்டு மட்டுமே இதைச் செய்யுங்கள். வீட்டு மின்சாரத்தின் அருகே போகவே கூடாது.)

இந்த ஒரு நிமிடத்தில் உங்கள் ஈரல் மாறிவிட்டதா? இல்லை. மாறியவை இரண்டே. ஒன்று, உலோகம் தோலைத் தொடும் பரப்பு. மற்றொன்று, தோலின் ஈரம். தோலின் மேலடுக்கு இறந்து உலர்ந்த செல்களால் ஆனது. அது மின்சாரத்தை எளிதில் விடாது. வியர்வையோ உப்பு நீர், அது மின்கடத்தி. ஆகவே வெயிலில் வரிசையில் நின்று வியர்த்தவருக்கு ஓர் அளவும், மின்விசிறியின் கீழே உட்கார்ந்திருந்தவருக்கு வேறோர் அளவும் வரும். வியர்வைச் சுரப்பிகளைப் பற்றியும் அவற்றை இயக்கும் நரம்புகளைப் பற்றியும் இந்த அளவு ஏதோ சொல்லக்கூடும். கணையத்தைப் பற்றிச் சொல்ல அதற்கு வழியே இல்லை.

தோலின் மின்தடையைக் கொண்டு நோயறியும் முறையை 1950-களில் ஜெர்மானிய மருத்துவர் ரைன்ஹோல்ட் வோல் பரப்பினார். இவ்வகைக் கருவி ஒன்று ஒவ்வாமையைக் கண்டுபிடிக்குமா என்று இங்கிலாந்தில் சோதித்தார்கள். அதன் முடிவு 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஒவ்வாமை உள்ளவர் 15 பேர், இல்லாதவர் 15 பேர். யார் எவர் என்று கருவியை இயக்கியவர்களுக்குத் தெரியாது. 1500-க்கும் மேற்பட்ட அளவீடுகள் எடுத்தும் இரு பிரிவினரையும் கருவியால் பிரித்துக் காட்ட முடியவில்லை.

இதயம் தானே அனுப்பும் செய்தி

அப்படியானால் தோலில் வைக்கும் மின்வாய்கள் எல்லாமே ஏமாற்றா? இல்லவே இல்லை! ஈ.சி.ஜி. என்னும் இதய மின்வரைவும் தோலில் மின்வாய்களை ஒட்டித்தான் எடுக்கப்படுகிறது. ஆனால் அது அளப்பது இதயம் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தை. வெளியிலிருந்து மின்சாரம் எதையும் அது செலுத்துவதில்லை.

இதயத் தசை சுருங்குவதற்கு முன் அதன் செல்கள் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 100 மில்லிவோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் மாறுகிறது. இம்மாற்றம் மேலறையில் தொடங்கி அலைபோலக் கீழறைகளுக்குப் பரவுகிறது. உடலின் உப்புநீர் மின்கடத்தி ஆதலால், அதன் சாயல் தோல் வரை வருகிறது. அங்கே அது சுமார் 1 மில்லிவோல்ட்தான்.

1887-இல் லண்டனில் ஆகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் இச்செய்தியை முதன்முதலாகத் தோலிலிருந்து பதிவு செய்தார். பின்னர் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன், காந்தப்புலத்தில் ஒரு மெல்லிய இழையைத் தொங்கவிட்டு, மிக நுட்பமான கால்வனாமீட்டரை அமைத்தார். மின்னோட்டம் பாய்ந்தால் இழை விலகும். அதன் நிழலைப் படம் பிடிப்பார்கள். நோயாளி தம் கைகளையும் காலையும் உப்பு நீர்த் தொட்டிகளில் வைத்துக்கொள்வார். உங்கள் நனைந்த விரல் சோதனை நினைவுக்கு வருகிறதா? இன்று அத்தொட்டிகளின் வேலையை மின்வாயின் அடியில் தடவும் பசை செய்கிறது.

ஐந்தோவனின் கருவி சுமார் 270 கிலோ எடை. மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல இயலாது. எனவே 1905-இல் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையையும் தம் ஆய்வகத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார். நோயாளி அங்கே, வரைவு இங்கே! 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் ஊருக்கு இதனால் என்ன?

மாரடைப்பில் இதயத்தின் இரத்தக் குழாய் முழுதும் அடைபட்டால், வரைவில் எஸ்-டி என்னும் பகுதி பெரும்பாலும் மேலே தூக்கி நிற்கும். அப்போது ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகிறது. அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்கும், பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். செந்துறை, ஆண்டிமடம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டால் இன்னும் கூடும்.

இதற்கு ஐந்தோவனின் கம்பியே வழிகாட்டியது எனலாம். 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஒரு பெரும் ஆய்வு நடந்தது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். முதலில் நோயாளி சேரும் இடத்திலேயே ஈ.சி.ஜி. எடுத்து மின்னணு வழியில் அனுப்பி, சிகிச்சையை உடனே முடிவு செய்ய ஏற்பாடு செய்தார்கள். 2420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 17.6; பின்னர் 14.2. நூறு குடும்பங்களில் மூன்று குடும்பங்களுக்கு மேல் துயரம் தவிர்ந்தது என்பதே இதன் பொருள்.

பெரியவருக்கு என்ன ஆயிற்று?

மருத்துவமனையில் அவருக்குப் படுக்க வைத்து எடுத்த ஈ.சி.ஜி. இயல்பாகவே இருந்தது. "பார்த்தீர்களா!" என்று அவர் எழுந்துவிட்டார். மருத்துவர் விடவில்லை. ஓய்வில் இருக்கும் இதயம் குறையை மறைக்கக்கூடும் என்று சொல்லி, ஓடும் பட்டையில் நடக்க வைத்து மறுபடி எடுத்தார். அப்போது வரைவு மாறியது. இன்று அவர் மருந்து உண்டு நலமாக இருக்கிறார். தன் எல்லையை அறிந்த கருவிக்கும், எல்லாம் தெரியும் என்ற பெட்டிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இனி எந்தப் பெட்டியைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எதை அளக்கிறது? அந்த அளவுக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? விடை தெரியாதவர் கையில் கொடுத்துச் சோதித்தார்களா?

இன்னொன்றையும் வீட்டில் சொல்லுங்கள். நெஞ்சில் இறுக்கமும், கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும், குளிர்ந்த வியர்வையும் வந்தால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.