மின்கலத்திற்கு அளவறிந்தூட்டல்

திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்திற்கும் இடையே ஆட்டோ ஓட்டிப் பிழைப்போர்க்கு மின்கலம் கைமுதலாகும். அதற்கு மின்னூட்டும் அளவை ஈண்டு ஆராய்வோம்.

1859-இல் பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே கண்ட ஈயமின்கலத்தின் வழிவந்ததே நம் 12 வோல்ட்டுப் பாட்டரி. அதன்கண் ஆறு அறைகள் உள. நிறைந்து ஓய்ந்திருக்குங்கால் ஏறக்குறைய 12.7 வோல்ட்டுக் காட்டும். அதனை நிரப்புதற்கு, 25 பாகை வெப்பத்தில், 14.4 வோல்ட்டளவு வேண்டும். அழுத்தம் போதாதாயின் தகடுகளிற் கந்தகப்படிவு இறுகும். வரம்பு கடப்பின் நீர் வாயுவாய்ப் பிரியும், தகடும் அரிக்கப்படும்.

வெப்பம் ஏறுந்தோறும் இவ்வேதிவினை விரைதலின், பாகைக்கு ஏறக்குறைய 0.02 வோல்ட்டுக் குறைத்தல் முறை. எனவே மின்கலம் 40 பாகையிற் காயும் சித்திரைத் திங்களில் 14.1 வோல்ட்டே சாலும். மூடிய வகைகட்குச் செய்தோர் குறித்த அளவே பிரமாணம். மார்கழிக்குரிய அளவைச் சித்திரையிலும் ஊட்டுவோர், மின்கலத்தோடு தம் கைமுதலையும் இழப்பர் என்பதை நாம் உணர்வோமாக.