கிளித்தட்டும் பிள்ளைகளின் உடல்நலமும்

ஊரில் எமது தலைமுறை உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வெறுங்காணியில் கிளித்தட்டுக்குக் கோடு கீறிவிடுவோம். மறிப்பவர்கள் தத்தமது குறுக்குக்கோட்டில் மட்டும் ஓடலாம். கிளிக்கு நடுக்கோடும் சுற்றுக்கோடும் சொந்தம். அடிபடாமல் கடைசித் தட்டுவரை போய்த் திரும்பவேண்டும். பாய்வது, சட்டென நிற்பது, வளைந்து ஓடுவது என்று நெஞ்சுக்கும் கால் எலும்புக்கும் ஒருசேர வேலை. கிளியாக நின்றவருக்கு அன்றிரவு நல்ல நித்திரை!

5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சுவாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிவுரை. பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைவு. பலெர்மோவின் மாடிவீடுகளில் முற்றம் ஏது? தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் கைபேசிதான் துணை.

பெற்றோரே, கடற்கரையில் ஃபோரோ இத்தாலிக்கோ புல்வெளி இருக்கிறது. கயிறு கட்டாதீர்கள், தடக்கி விழுவார்கள். கோடுகளின் முனையில் செருப்புகளை வைத்தால் போதும். கோடையில் வெயில் தணிந்தபின், தண்ணீர்ப் போத்தலுடன் போங்கள்.

கிட்டியும் புள்ளும் அடிப்பதென்றால் ஆட்கள் இல்லாத பக்கமாக அடிக்கட்டும். புள் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இத்தாலியர் அந்த விளையாட்டை லிப்பா என்பார்கள். அயல்வீட்டுத் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், அவரே அடித்துக் காட்டக்கூடும்.