தாஹோ ஏரிப் படுகையில் வீடு கட்ட உரிமை வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவும் நெவாடாவும் பங்குபோட்டுக்கொள்ளும் தாஹோ ஏரிப் பக்கம் ஒரு காலி மனை மலிவாக விலைக்கு வந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒன்றை விசாரித்துவிடுங்கள்: அந்த மனையின் கட்டும் உரிமை இன்னும் அதனிடம் இருக்கிறதா, யாராவது ஏற்கெனவே விற்றுவிட்டார்களா? அங்கே மண் வேறு, அதன்மேல் கட்டும் உரிமை வேறு. இரண்டும் தனித்தனியாகக் கைமாறும். இது தெரியாமல் மனையை முதலில் வாங்கிவிட்டு உரிமையைத் தேடி அலைவதுதான் புதிதாக வருபவர்கள் பலர் சிக்கும் இடம். என் ஆலோசனை இதுதான்: உரிமைக் கணக்கை முடித்த பிறகே மனையைத் தொடுங்கள்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

1968இல் வெள்ளைத் தட்டு ஒன்றை இந்த ஏரிக்குள் இறக்கியபோது, சுமார் 31 மீட்டர் ஆழம் வரை அது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது ஆண்டுச் சராசரி 20 மீட்டரை ஒட்டி நிற்கிறது. சாலை, கூரை, கார் பாதை ஆகியவற்றின் மேல் ஓடிவரும் மழைநீரும் பனிநீரும் கண்ணுக்குத் தெரியாத மண்துகளை அள்ளிக்கொண்டு ஏரியில் சேர்க்கின்றன. அந்தத் துகள் எளிதில் அடியில் படிவதில்லை, நீரிலேயே மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. ஏரிக்குள் வந்து விழும் ஓடைகள் 63. வெளியே போகும் ஆறு டிரக்கி ஒன்றுதான். உள்ளே வந்த அழுக்கு எளிதில் வெளியேறாது.

இரு மாநிலங்களும் 1969இல் ஒப்பந்தம் செய்து உருவாக்கிய தாஹோ வட்டாரத் திட்டமிடல் முகமை (டி.ஆர்.பி.ஏ.) 1987 திட்டத்தில் கட்டுமானத்துக்கு உச்சவரம்பு வைத்தது. புதிய வீடுகளுக்கான ஒதுக்கீடு ஆண்டுக்குக் கொஞ்சம்தான் வெளிவரும். அது கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி, வேறிடத்தில் ஒருவர் கைவிடும் உரிமையை விலைக்கு வாங்கித் தம் மனைக்கு மாற்றிக்கொள்வது.

படி 1: மனையின் மதிப்பெண்

காலி வீட்டுமனை ஒவ்வொன்றுக்கும் டி.ஆர்.பி.ஏ. மண் அரிப்பு, சரிவு, ஓடைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறது. 'ஐப்ஸ்' மதிப்பெண் என்பார்கள். ஒரு கோட்டுக்கு மேல் இருந்தால்தான் கட்டலாம். தொடக்கத்தில் அந்தக் கோடு 726. பிறகு பல வட்டாரங்களில் வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் ஓடையின் ஈரநிலத்துக்குள் இருக்கும் மனைக்குப் பூஜ்யம்தான். அதற்கு எத்தனை உரிமை வாங்கி வந்தாலும் வீடு எழும்பாது.

1972இல் தாஹோ கரையிலுள்ள இன்க்லைன் வில்லேஜில் மனை வாங்கிய பெர்னடின் சூட்டம் என்ற பெண்மணியின் வழக்கு இதற்குச் சாட்சி. மனை ஓடை மண்டலத்தில் இருந்ததால் கட்ட அனுமதி மறுத்த முகமை, உரிமையை வேறொருவருக்கு விற்றுக்கொள்ளலாம் என்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. முதலில் உரிமையை விற்றுப் பார்த்த பிறகுதான் இழப்பீடு கேட்க வேண்டும் என்பதில்லை என்று 1997இல் நீதிமன்றம் சொன்னது. வழக்கை மேலே நடத்த அவருக்கு வழி கிடைத்தது. கட்ட அனுமதி கிடைக்கவில்லை.

படி 2: எது குறைகிறது?

இங்கேதான் நிதானம் வேண்டும். 'உரிமை' என்று பொதுவாகச் சொல்வது ஒரே பொருள் அல்ல. காலி மனையில் வீடு கட்ட மூன்று வேண்டும்: ஒரு வீட்டுக்கான அடிப்படை உரிமை, அந்த ஆண்டு கட்டுவதற்கான ஒதுக்கீடு, கவரேஜ். இடிக்கப்பட்ட பழைய வீட்டின் உரிமையை வாங்கினால் முதல் இரண்டும் சேர்ந்தே வரும். காலி மனையிலிருந்து வாங்கினால் அடிப்படை உரிமை மட்டும்தான் வரும். ஒதுக்கீட்டுக்கு உள்ளாட்சி அலுவலகப் பட்டியலில் தனியாகக் காத்திருக்க வேண்டும். தரகர் எதை விற்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள்.

கவரேஜ் என்பது மழைநீரை மண்ணுக்குள் இறங்க விடாமல் மூடும் மொத்தப் பரப்பு. 8,000 சதுர அடி மனை, அனுமதி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கைவசம் 1,200 சதுர அடி. இந்த அளவு மனைக்கு, வாங்கிச் சேர்த்தாலும் உச்சவரம்பு 1,800. ஆக, அதிகம் போனால் 600 சதுர அடி வாங்கலாம். 12 அடி அகலத்தில் 40 அடி நீளத்துக்குக் கார் பாதை போட்டால் 480 போய்விடும். மிச்சம் 1,320இல் வீட்டின் அடித்தளம், படிக்கட்டு, நடைபாதை, விறகுக் கொட்டகை எல்லாம் அடங்க வேண்டும். வீட்டைச் சாலைப் பக்கம் தள்ளிக் கார் பாதையை 20 அடியாகக் குறைத்தாலே 240 மிச்சம். விலைக்கு வாங்கும் முன் வரைபடத்தை மாற்றிப் பாருங்கள். காசும் மிஞ்சும், மண்ணும் மிஞ்சும்.

படி 3: யாரிடம் வாங்குவது?

டி.ஆர்.பி.ஏ.யே விற்பவர், வாங்குபவர் விளம்பரங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. கலிபோர்னியா பக்கம் கலிபோர்னியா தாஹோ கன்சர்வன்சியும் நெவாடா பக்கம் மாநில நிலத் துறையும் நிலவங்கி நடத்துகின்றன. கவரேஜைப் பொதுவாக ஒரே நீர்வடிப் பகுதிக்குள்தான் மாற்ற முடியும். ஏரியின் மறுகரையில் மலிவாகக் கிடைப்பது உங்களுக்குப் பயன்படாமல் போகலாம்.

2018 முதல் வகை மாற்றவும் இடமுண்டு. 300 சதுர அடி வணிகத் தளம், ஒரு சுற்றுலா விடுதி அறை, ஒரு தனிவீடு, ஒன்றரை அடுக்குமாடி வீடு ஆகியவை ஒன்றுக்கொன்று சமம். பாழடைந்த மோட்டல் அறையின் உரிமைகூட உங்கள் வீடாகலாம்.

இரண்டு விலைகள் நெருக்கமாக இருந்தால், ஓடையோரக் கட்டடத்தை இடித்து விற்பவரிடம் வாங்குங்கள். அந்த ஈரநிலம்தான் ஏரிக்குப் போகும் நீரிலிருந்து மண்துகளைப் பிரிக்கும் வடிகட்டி. அங்கே ஒரு தார்த்தளம் பெயர்க்கப்பட்டுப் புல் முளைப்பது, மேட்டு நிலத்தில் நான்கு தளம் பெயர்வதைவிட ஏரிக்கு நல்லது என்று நான் நம்புகிறேன்.

படி 4: வில்லங்கமும் ஒப்பந்தமும்

விற்பவரின் உரிமை உண்மையிலேயே இருக்கிறது என்று டி.ஆர்.பி.ஏ. சரிபார்த்துப் பதிவில் வைத்திருக்க வேண்டும். 'பல வருஷமாக இங்கே வீடு இருந்தது' என்ற வாய்ச்சொல் போதாது. உங்கள் மனைக்கும் வில்லங்கம் பாருங்கள்: முந்தைய உரிமையாளர் உரிமையை விற்றிருந்தால், நிரந்தரத் தடை பத்திரப் பதிவில் ஏறியிருக்கும்.

ஒப்பந்தத்தில் 'முகமை மாற்றத்தை அனுமதித்தால் மட்டுமே கிரயம்' என்ற நிபந்தனை கட்டாயம். பணம் அதுவரை எஸ்க்ரோவில், அதாவது நடுநிலையான மூன்றாமவர் கணக்கில், இருக்கட்டும்.

படி 5: விண்ணப்பம், பிறகு மண்வேலை

மாற்றத்துக்கான விண்ணப்பத்தை முகமையிடம் கொடுக்க வேண்டும். உரிமையை அனுப்பும் மனையில், அதாவது விற்பவரின் மனையில், கட்டடம் இருந்தால் அது இடிந்து, நிலம் சீராகி, தடை பதிவாக வேண்டும். உங்கள் மனையில் கூரைநீர் மண்ணுக்குள் இறங்கும் குழிகள், அரிப்புத் தடுப்பு எல்லாம் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அனுமதி கையில் வந்தாலும், அக்டோபர் 15 முதல் மே 1 வரை மண் தோண்டத் தடை உண்டு. செப்டம்பரில் உரிமை கைக்கு வந்தால் அஸ்திவாரம் பெரும்பாலும் அடுத்த மே மாதம்தான். வங்கிக் கடனின் தவணையை அந்தக் கணக்கில் வையுங்கள்.