வெப் கேமரா முன்னால் கை நீட்டுங்கள்

பக்கவாதத்தில் இடது கை சோர்ந்துபோன என் சித்தப்பாவுக்காக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரித்தேன். எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி. பிசியோதெரபிக்கு அவரை பஸ்ஸில் ஏற்றி அருப்புக்கோட்டை போய்வர இரண்டு ஆள் வேண்டும். வாரம் ஒரு முறைக்கு மேல் முடியவில்லை. ஆனால் கை தேற வேண்டுமானால் ஒரே அசைவைத் தினமும் பல தடவை செய்ய வேண்டும். "சும்மா எதுக்குப்பா கையை ஆட்டிக்கிட்டு?" என்று பத்தாவது தடவையில் நிறுத்திவிடுவார்.

இந்தச் சலிப்பை உடைக்கத்தான் மெய்நிகர் உலகம், அதாவது விர்ச்சுவல் ரியாலிட்டி, சிகிச்சைக்குள் வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'ஸ்னோ வேர்ல்ட்' தீக்காய நோயாளிகளைப் பனிப்பந்து எறியவைத்து வலியை மறக்கச் செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து உருவாக்கிய 'ப்ளூட்டோ' என்ற மேசைக் கருவி, கையை அசைத்தபடியே திரையில் விளையாட வைக்கிறது.

நான் முதலில் செல்போனைச் செருகும் அட்டைக் கண்ணாடியை வாங்கினேன். இரண்டே நிமிடத்தில் அவருக்குத் தலை சுற்றியது. தலை திரும்புவதற்கும் படம் திரும்புவதற்கும் இடையே கொஞ்சம் தாமதம் ஆனாலும் இப்படித்தான். நிலை தடுமாறுகிறவருக்கு அது ஆபத்து. கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டேன். சாதாரண மானிட்டரே போதும்.

தேவை வெப் கேமராவும் 'ஸ்க்ராட்ச்' என்ற இலவச மென்பொருளும். ஸ்க்ராட்சைத் திறந்து, இடது கீழ் மூலையில் உள்ள பட்டனை அழுத்தி 'வீடியோ சென்சிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் முகம் திரையில் தெரியும். ஒரு மிளகாய்ப் பழம் வரைந்துகொள்ளுங்கள். (பூனைப் படம் தானாகவே வரும், சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.) 'வென் வீடியோ மோஷன் > 10' என்ற பிளாக்கை இழுத்து வையுங்கள். அதன் கீழ் மதிப்பெண்ணை 1 கூட்டவும், ஒலி எழுப்பவும், மிளகாய் வேறு இடத்துக்குத் தாவவும், பிறகு 3 விநாடி காத்திருக்கவும் பிளாக்குகளைச் சேருங்கள். மிளகாய் மேல் கை பட்டால் பறித்த கணக்கு.

எங்கே தாவ வேண்டும் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஸ்க்ராட்ச் திரையின் அகலம் -240 முதல் 240 வரை. வீடியோ கண்ணாடிபோல் தெரிவதால் இடது கை இடப்பக்கமே வரும். எனவே எக்ஸ் மதிப்பை -200க்கும் -60க்கும் நடுவில் வைத்தேன். இல்லாவிட்டால் நல்ல கையாலேயே பறித்துவிடுவார்!

முதல் நாள் மின்விசிறிக் காற்றில் ஆடிய காலண்டர் மதிப்பெண் வாங்கியது. கழற்றினேன். அடுத்த வாரம் சித்தப்பா 40 பழம் பறித்தார். எனக்கு ஒரே பெருமை. பிசியோதெரபிஸ்ட் வீடியோவைப் பார்த்துவிட்டு, "கை நீளவில்லை, உடம்புதான் சாய்கிறது" என்றார். விளையாட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மூட்டுகளைத் தனித்தனியே கண்டறிந்த மைக்ரோசாஃப்ட் கினெக்ட் கருவிக்குத் தெரியும். 2010ல் வந்த அதன் தயாரிப்பு 2017ல் நின்றுவிட்டது.

ஆகவே மிளகாயை அருகில் கொண்டுவந்தேன். முதுகு சாய்ந்த நாற்காலி போட்டேன். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, முதுகு நாற்காலியை விட்டு விலகினால், "இது செல்லாது" என்பார். மறுநாள் மதிப்பெண் 11. சித்தப்பாவுக்குக் கோபம். ஆனால் 11ம் கையால் பறித்தது.

உங்கள் வீட்டில் செய்வதானால் எந்த அசைவு, எத்தனை தடவை என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். தோள் வலித்தால் உடனே நிறுத்துங்கள். பலவீனமான கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.