தலைக்கேற்ற வால்

கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தையில் குவியும் பலாவும் மிளகும் காபியும் விளைந்த மரஞ்செடிகொடிகளின் இலைகளுக்குள் பச்சையத்தைத் தாங்கும் சவ்வில் உள்ள லிப்பிட்டுகளில் பெரும்பகுதி சர்க்கரை லிப்பிட்டுகளே. மொத்த லிப்பிட்டில் ஏறத்தாழப் பாதி ஒரு கேலக்டோஸைத் தலையாகக் கொண்டது; இரண்டு கேலக்டோஸ் கொண்டது கால்வாசிக்குச் சற்று மேல். செயற்கையாக இப்படி ஒரு சவ்வைச் செய்ய நினைப்பவர் இலையிடமே பாடம் கேட்கலாம். பூந்திக்கொட்டையின் சப்போனினிலும் சர்க்கரை உண்டு, எண்ணெயோடு இணங்கும் உடலும் உண்டு. ஆனாலும் அது நுரைக்கும், செல் சவ்வை உடைக்கும். ஆக, எந்தச் சர்க்கரை என்பதைவிடத் தலையும் வாலும் அளவில் பொருந்துகின்றனவா என்பதே முதல் கேள்வி.

அதற்குக் கணக்கு இருக்கிறது. ஆய்வாளர் இஸ்ரேலாச்விலியும் கூட்டாளிகளும் 1976-இல் சொன்னபடி, வாலின் கனஅளவைத் தலையின் பரப்பாலும் வாலின் நீளத்தாலும் வகுங்கள். விடை மூன்றில் ஒன்றுக்குக் கீழே என்றால் மைசெல் உருண்டை; அரைக்கும் ஒன்றுக்கும் இடையே என்றால் சவ்வு; ஒன்றைத் தாண்டினால் உள்வெளி புரண்ட குழாய்கள். ஒற்றை வால் கொண்ட ஆக்டைல் குளுக்கோசைடு சவ்வைக் கரைக்கும் சோப்பாகவே நிற்கிறது. எனவே 16 முதல் 18 கார்பன் கொண்ட இரண்டு வால்களைப் பூட்டுங்கள். முந்திரித் தோட்டு எண்ணெயின் கார்டனாலில் குளுக்கோஸைச் சேர்த்து ஜார்ஜ் ஜானும் ஷிமிசுவும் 2001-இல் நானோ குழாய்கள் செய்தார்களே, அங்கே வால் ஒன்றுதானே என்று கேட்கலாம். அங்கே பென்சீன் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன. கிடைப்பதும் இறுகிய திண்ம அடுக்கு. நெகிழும் சவ்வுக்கு அந்த வழி உதவாது. வாலில் ஓர் இரட்டைப் பிணைப்பு வைத்தால் உருகுநிலை இறங்கிச் சவ்வு இளகும். அதிகம் வைத்தால் காற்றில் கெடும். வாலை எஸ்டரால் இணைப்பது எளிது, ஆனால் நீரில் மெல்ல அறுபடும்; நெடுநாள் நிலைக்க ஈதரே மேல்.

தலைக்கு இரண்டு சர்க்கரை போதும். இலையில் பாதி ஒற்றைச் சர்க்கரைதானே என்றால், அதைப் புரதங்கள் பிடித்து நிறுத்துகின்றன. தனியே நீரில் விட்டால் புரண்டுவிடும். சர்க்கரையின் ஹைட்ராக்சில்களை அசிட்டைலால் மூடி, வாலைப் பூட்டி, சோடியம் மெத்தாக்சைடால் மூடியைக் கழற்றுங்கள். குளோரோஃபார்ம்–மெத்தனாலில் கரைத்து மெல்லிய படலமாக உலர்த்தி, உருகுநிலைக்கு மேலான சூட்டில் நீர் சேர்த்து, 100 நானோமீட்டர் துளைகள் கொண்ட வடிபடலத்தின் வழியே பலமுறை அழுத்தித் தள்ளுங்கள். இப்படிக் கிடைக்கும் மின்னூட்டம் இல்லாத சவ்வுக் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்ற எதிர்ப்பு நியாயமானதே. இலை அதற்கும் வழி வைத்திருக்கிறது: கந்தகம் ஏறிய, எதிர்மின் சர்க்கரை லிப்பிட் சிறிதளவு. அதுபோல் நூற்றுக்கு ஐந்து, பத்து என மின்னூட்ட லிப்பிட்டைச் சேர்த்து, கால்சீன் சாயத்தை உள்ளே அடைத்து, வாரக்கணக்கில் கசிவை அளந்து, சவ்வு நிலைக்கிறதா என்று பாருங்கள்.